துண்டுக்குள் கை

நல்லேப்பிள்ளி
4-8-1977

ஸ்டாஃப் நர்ஸ் சரஸ்வதியம்மாள் அவர்களுக்கு,

நல்லேப்பிள்ளி விவசாயி சென்னியப்பன் எழுதுவது. ஒரு விவரம் கேட்கத்தான் இந்தக் கடிதம். வேறு எதற்கும் இல்லை.

என் தம்பி ஆறுச்சாமிக்கு உடம்பு சரியில்லை. உடம்பு என்பதா, மனசு என்பதா என்று தெரியவில்லை. அவன் மனைவி பூவாத்தாள் இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரசவத்தில் தவறிப்போனதைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தாயும் போய்ப் பிள்ளையும் போயிற்று. அழுது தீர்ப்பான் என்று பார்த்தோம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. முதலில் பேச்சைக் குறைத்தான். பிறகு சந்தைக்கு வருவதை நிறுத்தினான். வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் என்னோடு நின்று தரகு பார்த்தவன், இப்போது சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறான். சோறு வைத்தால் தின்பான். வைக்காவிட்டால் கேட்க மாட்டான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தலையில் கரண்ட் வைத்தோம். ஒரு மாதம் தேவலையாக இருந்தான். பிறகு பழைய கதைதான். போன மாதம் நெல்லுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் குடித்துவிட்டான். வாந்தி எடுத்ததால் பிழைத்தான். இரண்டாம் தடவை அப்படி வாந்தி வரும் என்று நம்பி இருக்க முடியாது.

மறையூரிலிருந்து சர்க்கரை கொண்டுவரும் வியாபாரி ஒருவர், தாங்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இப்படிப்பட்டவர்களுக்கு ஏதோ ஊசி போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேச வைப்பதாகச் சொன்னார். அது நிஜமா என்று தெரிய வேண்டும். நிஜமென்றால் ஆளைக் கூட்டிவர என்ன செய்ய வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

பதில் வேண்டும்.

சென்னியப்பன்


எஸ்டேட் லயம், மறையூர் வழி
12-8-1977

பெரியண்ணனுக்கு,

ஸ்டாஃப் நர்ஸ் சரஸ்வதியம்மாள் தங்கள் கடிதத்தைப் பெற்றுக்கொண்டார். பதினோரு வருடத்தில் அண்ணனிடமிருந்து வந்த முதல் கடிதம். பஞ்சாயத்து ஆபீசுக்கு மனுப் போடுவது போல எழுதியிருந்ததால் உறையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். எனக்குத்தான் வந்திருந்தது.

பூவாத்தாள் போனது எனக்குத் தெரியும். அதே சர்க்கரை வியாபாரி சொல்லித்தான் தெரியும், காரியமெல்லாம் முடிந்த பிறகு. எனக்கு ஒரு ஆள் விட வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நான் கட்டிக்கொண்டவர் வேறு சாதி என்பதால் சாவுச் செய்திக்குக்கூடத் தீட்டு வந்துவிடும் போலிருக்கிறது. இருக்கட்டும். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

நிஜம்தான். மருந்தின் பெயர் கெட்டமின். ஆபரேஷனுக்காக வந்த புது மயக்க மருந்து. இதைப் போட்டால் மற்ற மருந்து போல ஆள் தூங்குவதில்லை. கண்ணைத் திறந்தபடியே எங்கோ போய்விடுவார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வருவார். கொழுந்து கிள்ளும் சந்தனமேரி என்ற பெண்ணுக்கு இதைப் போட்டு வயிற்றில் ஆபரேஷன் செய்தோம். மகன் செத்ததிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவள், மறுநாள் காலையில் உட்கார்ந்து காப்பி கேட்டாள். சர்க்கரை போதவில்லை என்று என்னோடு சண்டை போட்டாள். பத்து நாள் அப்படி இருந்துவிட்டு மறுபடி மங்கிப்போனாள்.

அந்தப் பத்து நாளை டாக்டர் சாந்தம்மாள் மறக்கவில்லை. வெளிநாட்டில் சில டாக்டர்கள் இதே மருந்தைக் குறைந்த அளவில் போட்டு, பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுப்பதாகப் புத்தகத்தில் படித்திருக்கிறார். இங்கே இரண்டு மூன்று பேருக்குச் செய்தார். ஒருத்திக்கு நல்ல குணம். ஒருவருக்கு ஒரு பலனும் இல்லை. குணமாகும் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. நானும் கொடுக்கவில்லை.

சின்னண்ணனை அனுப்புவதானால் அனுப்புங்கள். வார்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஊசிக்கு மட்டும் ஆஸ்பத்திரி, மற்ற நாளெல்லாம் வீடு. எங்கள் வீடு. என் கையால்தான் சாப்பாடு. இது சரிப்படுமா என்று யோசித்து எழுதவும்.

சரஸ்வதி


நல்லேப்பிள்ளி
20-8-1977

சரசுவுக்கு,

யோசிக்க ஒன்றும் இல்லை. அவன் சாப்பிட வேண்டும். யார் கையால் என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை.

வருகிற புதன்கிழமை உடுமலை பஸ் நிலையம் வரைக்கும் கூட்டி வருகிறேன். அங்கே உள்ளவரை வந்து அழைத்துப் போகச் சொல். அதற்கு மேல் நான் வருவதற்கில்லை.

கவனிக்க வேண்டியது: பூச்சிமருந்து, கயிறு, அரிவாள் எதுவும் கண்ணில் படக்கூடாது. கிணறு இருந்தால் மூடி வைக்கவும். கம்மஞ்சோறு பிடிக்கும். தயிர் தொட மாட்டான், உனக்கே தெரியும். பூவாத்தாள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். என் வீட்டுக்காரி, உன் நங்கை ராசம்மாள், அவனுக்கு இரண்டு வேட்டி, ஒரு கம்பளி கொடுத்துவிடுகிறாள். அதோடு ஒரு பொட்டலம் இருக்கும். அது உனக்காம். என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

சென்னியப்பன்


எஸ்டேட் லயம்
9-9-1977

பெரியண்ணனுக்கு,

பொட்டலத்தில் முறுக்கு இருந்தது. நங்கையிடம் வந்து சேர்ந்ததாகச் சொல்லவும்.

‘அங்கே உள்ளவர்’ என்று எழுதியிருந்தீர்களே, அவருக்குப் பெயர் அழகுமலை. டீ ஃபாக்டரியில் வேலை. உடுமலையில் நீங்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் பையை மட்டும் நீட்டினீர்களாம். வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். “ஒங்க அண்ணாச்சி என்னையப் போர்ட்டர்னு நெனச்சுட்டாரு போல. கூலிதான் கேக்கல நான்.” அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்னண்ணனுக்கு இரண்டு ஊசி ஆயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜன்னலுக்குத் திரை போட்டு அறையை இருட்டாக்குவோம். சத்தம் கூடாது. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் கண்மணி இரண்டும் இங்கும் அங்கும் ஆடத் தொடங்கும். எச்சில் ஊறும், துடைத்துவிட வேண்டும். ரத்த அழுத்தம் ஏறும், அதை நான் பார்த்துக்கொள்வேன். டாக்டரம்மா தலைமாட்டில் உட்கார்ந்து மெதுவாக, “எங்கே இருக்கிறீர்கள்? என்ன தெரிகிறது?” என்று கேட்பார். மற்றவர்கள் ஏதாவது சொல்வார்கள். சந்தனமேரி கூரைக்கு மேலே நிற்பதாகச் சொன்னாள். இவர் வாயே திறக்கவில்லை. இரண்டு தடவையும் அப்படித்தான். மயக்கம் தெளிந்த பிறகும் ஒரு வார்த்தை கிடையாது. முகத்தில் தெளிவும் இல்லை.

கையை மட்டும் சும்மா வைக்க மாட்டேன் என்கிறார். போர்வைக்குள் எதையோ தேடுவது போலத் துழாவுகிறார். முதல் தடவை ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைப் பிடித்து இழுத்துவிட்டார். இந்த மருந்தில் கைகால் தானாக அசைவது உண்டு. அதனால் இரண்டாம் தடவை மணிக்கட்டைக் கட்டிலோடு துணி வைத்துக் கட்டிவிட்டேன். வலிக்கிற மாதிரி இல்லை.

மருந்து கொஞ்சம்தான் கைவசம் இருக்கிறது. ஆபரேஷனுக்கும் அதே மருந்துதான். இன்னும் இரண்டு ஊசி போட்டுப் பார்ப்பேன், பேச்சு வராவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

சரஸ்வதி


நல்லேப்பிள்ளி
15-9-1977

சரசுவுக்கு,

முதலில் அவன் கையை அவிழ்த்துவிடு.

உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் சந்தைக்குப் பெண்கள் வருவதில்லை. மாட்டின் விலையை நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். எதிராளியின் விரலைப் பிடித்து விலையைச் சொல்ல வேண்டும். ஒரு விரல் என்றால் ஒரு நூறு. பிடித்ததை விட்டுவிட்டு வேறு எண்ணிக்கையில் பிடித்தால் அது பதில் விலை. சுற்றி ஐம்பது பேர் நின்றாலும் ஒருத்தருக்கும் தெரியாது. வாய் பாட்டுக்கு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

பேரம் படிந்ததும் நடுவில் இருக்கும் தரகன் துண்டை எடுப்பான். அதுவரைக்கும் கையை உருவக்கூடாது. உருவினால் எதிராளியைச் செருப்பால் அடித்த மாதிரி. அப்படிப்பட்டவனோடு அதற்குப் பிறகு யாரும் துண்டு போட மாட்டார்கள்.

ஆறுச்சாமி சந்தையில் நின்ற காலத்தில் அவனுடைய முக்கியமான பேச்செல்லாம் அந்தத் துண்டுக்குள்தான். உங்கள் டாக்டரம்மா அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போர்வைக்குள் அவன் தேடுவது பட்டியை இல்லை என்று நினைக்கிறேன். கையைத் தேடுகிறான். அடுத்த தடவை உன் கையைக் கொடு. எந்த விரலைப் பிடிக்கிறான், எத்தனை பிடிக்கிறான் என்று பார்த்து எழுது.

சென்னியப்பன்

உடுமலையில் பஸ் கிளம்பப்போகிற அவசரம். முகம் பார்க்க நேரமில்லை.


எஸ்டேட் லயம்
27-9-1977

பெரியண்ணனுக்கு,

உடுமலையில் பஸ் அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் நின்றதாம். போகட்டும்.

உங்கள் கடிதத்தை டாக்டரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். “இது வெறும் தசை அசைவாகவே இருக்கலாம். ஆனால் கொடுத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?” என்றார். மூன்றாவது ஊசியில் கையைக் கட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போர்வைக்குள் என் கையை வைத்தேன்.

உடனே பிடித்துக்கொண்டார். நாலு விரலைச் சேர்த்து இறுக்கினார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததால் சும்மா இருந்தேன். பிறகு மூன்று விரல். மறுபடி காத்திருந்தார். பிறகு இரண்டு. பிறகு ஒன்று. கடைசியில் விரலையே விட்டுவிட்டு என் உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்தது. கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மறுபடியும் நாலு விரலிலிருந்து ஆரம்பம். மருந்து இறங்கும்வரை இதேதான். கடைசியில் டாக்டரம்மா வந்து அவர் பிடியைப் பிரித்தார். என் கையில் இன்னும் வலி இருக்கிறது.

இது தசை அசைவில்லை. நான் எத்தனையோ பேரின் கையைப் பிடித்திருக்கிறேன். பிழைக்கிறவர், சாகிறவர் எல்லோருடைய கையையும். இவர் என்னிடம் எதையோ கெஞ்சினார்.

அன்று மாலையிலிருந்து மோசம். சாப்பிடவில்லை. மறுநாள் இந்த வீட்டுக்கு வந்து முதல் தடவையாக வாயைத் திறந்து பேசினார். என் வீட்டுக்காரரிடம்தான் பேசினார். “டீச்செடிக்கு அடிக்கிற மருந்து எங்க வெச்சிருப்பாங்க, மாப்ள?” இவர் முகத்தை மாற்றாமல், “அது ஆபீஸ்ல இருக்கும் மச்சான், நமக்கெங்க தெரியும், வாங்க காப்பி குடிப்போம்” என்றாராம். பிறகு ஸ்டோருக்கு ஓடிப்போய்ப் பூட்டை மாற்றச் சொல்லிவிட்டு வந்தார். இப்போது இரவில் வாசற்படிக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறார். நீங்கள் பெயர் எழுதாத மனிதர்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. விரலுக்கு அர்த்தம் தெரிந்தால் சீக்கிரம் எழுதுங்கள்.

சரஸ்வதி


நல்லேப்பிள்ளி
6-10-1977

சரசுவுக்கு,

அழகுமலையிடம் நான் கேட்டதாகச் சொல். வாசலில் படுக்கிறவருக்குக் குளிருக்கு ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் ராசம்மாள் ஒரு கம்பளி அனுப்புவாள்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். தரகன் சின்னையனைத் தனியே அழைத்துக் கேட்டேன். பூவாத்தாள் போன அன்று ஆறுச்சாமி தன் சொந்த ஜோடிக் காளையை விற்றான். நான் அன்றைக்குச் சந்தையில் இல்லை, கொழிஞ்சாம்பாறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நடுவில் துண்டு போட்டவன் சின்னையன். இரண்டு வருடமாக யாரும் கேட்காததால் அவனும் சொல்லவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“கை துண்டுக்குள்ள இருந்துதுங்க. ஊட்ல இருந்து ஆள் ஓடியாந்தான். பூவாத்தாளுக்கு ரத்தமாப் போகுது, சித்தூருக்குக் கொண்டுபோகோணும், வண்டி கெளம்புது, ஒடனே வாங்கன்னான். ‘இதா வந்தர்றேன், சித்தெ இரு’ன்னு ஆறுச்சாமி சொன்னான். கைய எடுக்கலீங்க. எடுக்க முடியாதில்லீங்களா? அதுக்கப்பறமும் ரொம்ப நேரம் பேரம் ஓடுச்சு.”

மனைவி உயிருக்குப் போராடும்போது காசுக்காகப் பேரம் பேசிக்கொண்டு நின்றான் என்றுதான் ஊரில் பேச்சு. என் காதிலும் விழுந்தது.

சரசு, நீ எழுதிய விரல்கள் ஊர் சொன்னதற்கு நேர் எதிர். அவன் விலையை ஏற்றவில்லை. இறக்கியிருக்கிறான். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. வெறும் உள்ளங்கையை அழுத்தினால் சந்தையில் ஒரே அர்த்தம்தான். நீயே ஒரு விலை சொல், எதுவானாலும் சரி. சீக்கிரம் முடிந்தால் ஓடலாம் என்று காளைகளைக் கிட்டத்தட்டச் சும்மா கொடுக்கப் பார்த்திருக்கிறான். எதிராளி ஒட்டன்சத்திரத்து வியாபாரி. விலை இறங்குவதைக் கண்டவன், இன்னும் இறங்கட்டும் என்று கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இவன் அவசரப்பட்டதால்தான் பேரம் நீண்டது. இவன் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் காளைகள் ஏன் அவ்வளவு மலிவாகப் போயின என்று இத்தனை நாள் எனக்குப் புரியவில்லை.

அவன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறான். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஊசியில் அவன் உள்ளங்கையை அழுத்தும்போது கையை மூன்று முறை குலுக்கு. படிந்தது என்று அர்த்தம். விட்டுவிடுவான் என்று நினைக்கிறேன்.

சென்னியப்பன்


எஸ்டேட் லயம்
14-10-1977

பெரியண்ணனுக்கு,

குலுக்க வேண்டியவள் நான் இல்லை. மூன்றாவது ஊசியின்போதே அவர் என் விரலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் குழம்பினார். இது சந்தையில் நின்ற கை இல்லை என்று அவருக்குத் தெரிகிறது. டாக்டரம்மாவும் அதையே சொல்கிறார். அந்தத் தொழில் தெரிந்தவர் யாராவது உட்கார்ந்தால் நல்லது என்கிறார். சின்னையனை அனுப்புவீர்களா, அவன் வருவானா என்றெல்லாம் யோசித்தேன். வேண்டாம். நீங்கள் வாருங்கள்.

வருகிற 22-ம் தேதி சனிக்கிழமை கடைசி ஊசி. இதற்குப் பிறகு மருந்து கிடையாது. இதுவும் வீணானால் இவரை எத்தனை நாள் வாசற்படியில் படுத்துக் காப்பாற்ற முடியும்?

என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதானே தயக்கம்? அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு என் வீட்டுக்காரரோடு காந்தலூர் போய்விடுகிறேன். இன்னொரு நர்ஸ் இருப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போவோம். நீங்கள் என் வீட்டில் தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கு நேராக வந்து, தம்பியின் கையைப் பிடித்துவிட்டு, நேராகப் போய்விடலாம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நீங்கள் கிணற்றடியில் என்னைத் தலைமுழுகியதை ராசம்மாள் நங்கை ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். செத்தவர்களுக்குச் செய்வதை உயிரோடிருந்த எனக்குச் செய்தீர்கள். அது எனக்கு வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. அதற்காக உங்களிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். சின்னண்ணன் செத்து, அதற்கு நீங்கள் இன்னொரு தடவை தலைமுழுகக் கூடாது. அதற்காகத்தான் கேட்கிறேன்.

சரஸ்வதி


நல்லேப்பிள்ளி
25-10-1977

சரசுவுக்கு,

வந்தேன். உன்னிடம் டாக்டரம்மா சொல்லியிருப்பார். நானும் எழுதிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து என் சந்தைத் துண்டை எடுத்துப் போயிருந்தேன். ஆறுச்சாமி என்னைப் பார்த்து, “வந்தீங்களா” என்று மட்டும் கேட்டான். ஆள் பாதியாகிவிட்டான். ஊசி போட்டார்கள். நீ எழுதியிருந்த மாதிரியே கண் ஆடியது. பிறகு கை தேட ஆரம்பித்தது. துண்டைப் போட்டு உள்ளே கையைக் கொடுத்தேன்.

பிடித்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு மாறியது. நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று வந்தான். உள்ளங்கைக்கு வந்தபோது மூன்று முறை குலுக்கினேன். படிந்துவிட்டது, விடுடா என்று வாயாலும் சொன்னேன். விடவில்லை. மறுபடி நாலு விரலில் தொடங்கினான். இரண்டாம் தடவையும் குலுக்கினேன். மறுபடி நாலு விரல். எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. அன்றைக்கும் பேரம் படியத்தான் செய்தது. படிந்த பிறகுதான் அவன் ஓடினான். படிவதால் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

நான் கையை உருவிவிட்டேன்.

நான் சந்தையில் கால் வைத்த நாளிலிருந்து அதைச் செய்ததில்லை. அந்த இருட்டறையில் எங்களைப் பார்க்க டாக்டரம்மாவையும் ஒரு நர்ஸையும் தவிர ஆளில்லை. இருந்தும் என் முகமெல்லாம் கூசிப்போயிற்று. அவன் கை துண்டுக்குள் தனியாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் காற்றைத் துழாவியது. பிறகு மெதுவாக அதுவும் வெளியே வந்தது. நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான். அப்புறம் அது அசையவில்லை.

மயக்கம் தெளிந்து ரொம்ப நேரம் கழித்துக் கேட்டான்.

“அண்ணா, வண்டி போயிருச்சா?”

“போயிருச்சு, ஆறு.”

“பூவாத்தா?”

“அவளும் போயிட்டாடா.”

அவன் அழுதான், சரசு. இரண்டு வருடத்து அழுகை. கட்டில் ஆடியது. நானும் அழுதேன். டாக்டரம்மா பார்த்தார், உன்னிடம் சொல்லியிருப்பார், அதனால் மறைத்துப் பயனில்லை.

நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வழி கேட்டுக்கொண்டு உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். நீ எழுதியிருந்தபடி பூட்டியிருந்தது.

அவன் எப்படி இருக்கிறான் என்று எழுது.

சென்னியப்பன்


எஸ்டேட் லயம்
10-11-1977

பெரியண்ணனுக்கு,

சாவி பக்கத்து வீட்டு இன்பமேரியிடம் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். நீங்கள் கொஞ்ச நேரம் நின்று, கதவில் தொங்கிய மாவிலையைச் சரிசெய்துவிட்டுப் போனதாகச் சொன்னாள்.

சின்னண்ணன் தினமும் அழுகிறார். காலையில் எழுந்ததும் அழுகிறார், சாப்பிடும்போது அழுகிறார். அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்துவிடுகிறார். பூவாத்தாள் பெயரை அவரே எடுக்கிறார். அவள் வைக்கும் புளிச்சாறு என் கைக்கு வரவில்லை என்று நேற்றுச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இது குணமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். “இத்தனை நாள் இருந்தது நோய். இப்போது இருப்பது துக்கம். துக்கத்துக்கு என்னிடம் ஊசி கிடையாது” என்றார். விரல் விஷயத்தில் அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. மருந்து பாதி வேலை செய்திருக்கலாம், அண்ணன் வந்தது மீதி வேலை செய்திருக்கலாம், எது எவ்வளவு என்று தனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொல்லவும் மாட்டேன் என்றார். நோய் திரும்பி வரலாம் என்பதையும் சொன்னார். போன செவ்வாய்க்கிழமை சின்னண்ணன் பாயை விட்டு எழவே இல்லை. புதன்கிழமை எழுந்தார். இனிமேல் இப்படித்தான் போலிருக்கிறது.

இப்போது ஒரு விஷயம் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. காந்தலூரில் என் வீட்டுக்காரருடைய சித்தப்பாவுக்குப் பூண்டுத் தோட்டம் இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகட்டுமா என்று சின்னண்ணன் கேட்கிறார். ஊருக்குத் திரும்பிப் போனால் அந்தச் சந்தையில்தான் மறுபடி நிற்க வேண்டும், தன்னால் முடியாது என்கிறார். எங்களோடு இருந்துகொண்டு போய்வர அவருக்கு விருப்பம். ஆனால், “அண்ணன் சொல்லோணும். அவரு தலைமுழுகுன ஊட்ல அவரு சொல்லாம நான் எப்படி இருக்கறது?” என்கிறார். நான் எவ்வளவு சொல்லியும் பையைக் கட்டி வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் அந்தப் பையை அவிழ்த்து வைப்பார். அவர் மறுபடி கட்டுவார்.

உங்களுக்குத் தம்பி மட்டுமில்லை, சந்தையில் துணையும் அவர்தான் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டால் வந்துவிடுவார். அதனால்தான் பயமாக இருக்கிறது. எதுவானாலும் நீங்களே எழுதுங்கள்.

சரஸ்வதி


நல்லேப்பிள்ளி
18-11-1977

அம்மிணி சரசுவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் சட்டைப்பையிலேயே இருந்தது. ராசம்மாள் இரண்டு தடவை, “என்னங்க எழுதப்போறீங்க?” என்று கேட்டாள். எழுதுகிறேன் என்றேன். அவன் இல்லாமல் சந்தையில் எனக்கு ஒரு கை ஒடிந்த மாதிரிதான். வீட்டிலும் அப்படித்தான். அவனை அனுப்பிவை என்று ஒரு வரி எழுதி அதைக் கிழித்தும் போட்டேன். பையை அவிழ்க்கச் சொல். அவன் அங்கேயே இருக்கட்டும். அழகுமலைக்கு ஜோடி வேட்டி அனுப்பியிருக்கிறேன். மச்சான் முறையில் செய்வது. கூலி இல்லை என்று சொல்.

நேற்றுச் சந்தை. விலைக்கு நின்ற காளை ஜோடி நல்ல ஜோடி. துண்டைச் சுற்றிக் கூட்டம். பொள்ளாச்சியிலிருந்து புதிதாக வருகிற ஒரு வியாபாரி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “ஏனுங்க, தம்பி ஆறுச்சாமி இன்னும் ஆஸ்பத்திரியில தான் கெடக்கறாருங்களா?” என்று கேட்டார்.

“ஆஸ்பத்திரியில இல்லீங்க. என்ற தங்கச்சி ஊட்ல இருக்கறான்” என்றேன்.

சின்னையன் தரையைப் பார்த்தான். நான் தலைமுழுகியது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வியாபாரிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

“உங்களுக்குத் தங்கச்சி இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“இருக்குதுங்க” என்றேன்.

உன் பெரியண்ணன்
சென்னியப்பன்